அடுகோடிக் கூரைகளும் தேனிக் கோபுரங்களும்: கம்பியில்லாப் பாலங்களின் பாதுகாப்பு

பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர் சாலையை ஒட்டி அமைந்த அடுகோடியில் இருவகை நிலங்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, மைக்கோ என்ற பழைய பெயராலேயே பலரும் இன்றும் அழைக்கும் பாஷ் நிறுவனத்தின் வளாகம். 2022 ஜூனில் இது 76 ஏக்கர் பரப்பிலான திறன் வளாகமாகத் திறந்து வைக்கப்பட்டது. மற்றொன்று, முப்பதுக்கு நாற்பது அடியும் அதற்குக் குறைந்ததுமான மனைகளில் மூன்று நான்கு மாடிகளாக எழும்பி, உச்சியில் தகரக் கூரையும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் தாங்கி நிற்கும் வாடகை வீடுகளின் தெருக்கள். வளாகத்துக்குள் இரண்டு கட்டடங்களை இணைக்க வேண்டுமானால் நிலத்தடியில் கண்ணாடியிழை பதித்துவிடலாம். அனுமதி தருபவரும் பயன்படுத்துபவரும் பழுது பார்ப்பவரும் ஒரே நிறுவனத்தார். தெருவில் எதிரெதிர் மாடிகளுக்கிடையே ஒரு கேபிள் இழுப்பதற்கே மாநகராட்சியின் இசைவு வேண்டும், இசைவில்லாமல் மரங்களில் தொங்கும் கேபிள்களை மாநகராட்சி அவ்வப்போது அறுத்துப் போடுவதும் பெங்களூர்வாசிகளுக்குப் பழகிய காட்சி. உரிமம் தேவைப்படாத அலைவரிசைகளில் கூரைக்குக் கூரை பேசிக்கொள்ளும் கம்பியில்லாப் பாலம் இத்தகைய தெருக்களுக்கு இயல்பாகப் பொருந்துவது இதனால்தான். ஆனால் வளாகத்தில் எழாத ஒரு கேள்வி தெருவில் எழுகிறது: இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் ஒரு வலையில் யார் யாரை, எந்த அளவுக்கு நம்புவது? அமைப்புத் திரையில் வரும் ஒவ்வொரு தேர்வும் இந்தக் கேள்விக்குத் தரப்படும் ஒரு விடைதான் என்பதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

கம்பியில்லாப் பாலம் என்பது தொலைவிலுள்ள இரண்டு வலையமைப்புகளை ஒரே வலையமைப்பாக ஒட்டவைக்கும் கருவி. வைஃபையில் தரவு சட்டகம் என்னும் சிறு துண்டுகளாகப் பயணிக்கிறது. ஒரு கைப்பேசி ரூட்டரோடு பேசும்போது சட்டகத்தின் தலைப்பில் அனுப்புநர், பெறுநர், இடையில் நிற்கும் ரூட்டர் என மூன்று முகவரிகளே போதும். பாலத்தின் இருபுறமும் பல கருவிகள் இருக்கும்போது, தொடக்க அனுப்புநர், இறுதிப் பெறுநர், வானில் இப்போது அனுப்பும் பெட்டி, வானில் இப்போது வாங்கும் பெட்டி என நான்கு முகவரிகள் தேவைப்படுகின்றன. இந்த நான்முகவரிச் சட்டகத்தின் வடிவத்தை வைஃபை தரநிலை வரையறுத்ததே தவிர, அதைக் கொண்டு பாலம் அமைக்கும் நடைமுறையை வகுக்கவில்லை. எனவே ஒவ்வொரு தயாரிப்பாளரும் டபிள்யூடிஎஸ் என்ற பெயரில் தத்தம் வழியில் அதைச் செய்தனர். ஒருவர் பெட்டி இன்னொருவர் பெட்டியோடு பேச மறுத்தது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, பழைய பெட்டிகள் பலவற்றில் டபிள்யூடிஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் மறையாக்கம் 2001லேயே உடைக்கப்பட்டுவிட்ட வெப் முறைக்குத் தாழ்ந்துவிடும் என்பது. பழைய பொருள் விற்கும் கடைகளில் இத்தகைய பெட்டிகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவுக்கான காரணம் அட்டையில் அச்சிடப்படுவதில்லை.

பாலங்கள் இரண்டுக்கு மேற்பட்டு, எந்தப் பெட்டியும் பக்கத்துப் பெட்டிகளின் வழியாகத் தரவைக் கடத்தி, ஒரு வழி அடைபட்டால் மறுவழியைத் தானே தேடிக்கொள்ளுமானால் அது மெஷ் எனப்படும். இதற்கான 802.11எஸ் தரநிலை 2011இல் ஏற்கப்பட்டது. அதன் பாதுகாப்பு முறையின் வரலாறு கவனிக்கத்தக்கது. வீட்டு வைஃபையில் ரூட்டர் ஒரு தரப்பு, கைப்பேசி மறுதரப்பு. யார் தொடங்குவது, யார் ஏற்பது என்பது முன்பே முடிவானது. மெஷ்ஷில் எல்லாப் பெட்டிகளும் சமம் என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினாலும் குழப்பம் வராத ஒரு கைகுலுக்கல் முறை தேவைப்பட்டது. டான் ஹார்கின்ஸ் 2008இல் முன்வைத்த எஸ்ஏஇ என்னும் முறை இத்தேவையிலிருந்து பிறந்தது. வீட்டு வைஃபையின் முந்தைய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2இல் கைகுலுக்கலை வானில் பிடித்து வைத்துக்கொண்ட ஒருவர், வீட்டுக்குப் போய் ஆற அமரக் கோடிக்கணக்கான கடவுச்சொற்களை அதன்மேல் முயன்று பார்க்க முடியும். எஸ்ஏஇயில் ஒவ்வொரு ஊகத்துக்கும் அந்தப் பெட்டியோடு நேரடியாக ஒருமுறை பேசியாக வேண்டும். மெஷ்ஷுக்காக உருவான இந்த முறையே பிற்பாடு 2018இல் டபிள்யூபிஏ3 என்ற பெயரில் எல்லா வீட்டு வைஃபைக்கும் வந்து சேர்ந்தது. 2019இல் மேத்தி வான்ஹோஃப், ஈயல் ரோனென் ஆகிய ஆய்வாளர்கள் இதிலும் பக்கவாட்டுக் கசிவுகளைக் கண்டுபிடித்தனர் என்பதால், எஸ்ஏஇ என்ற எழுத்துகள் திரையில் தெரிவது மட்டும் போதாது. மென்பொருள் அதற்குப் பிந்தையதாகவும் இருக்க வேண்டும்.

எனினும் எஸ்ஏஇ காப்பது எதை என்பதில்தான் பலரும் தடுமாறுகின்றனர். அது அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான வான்வெளியை மட்டும் காக்கிறது. மூன்று கூரை தாண்டிச் செல்லும் ஒரு சட்டகம் ஒவ்வொரு கூரையிலும் திறக்கப்பட்டு, மறுபடியும் பூட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அந்தப் பெட்டி யாருடையதோ அவர் அதைப் படிக்கலாம். ஒரே நிறுவனத்தின் வளாகத்தில் இது பொருட்டல்ல. இருபது பேரின் தெருவில் இதுவே முதன்மையான பொருட்டு. ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் சமூகத்தில் உருவாகி 2011இல் லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்த பேட்மேன் அட்வான்ஸ்டு போன்ற மெஷ் வழிச்செலுத்தும் நெறிமுறைகளோ மறையாக்கத்தைத் தம் பொறுப்பாகவே கொள்வதில்லை. உள்ளே நுழைந்துவிட்ட பெட்டி சொல்வதை அவை நம்புகின்றன.

கம்பியில்லாப் பாலங்கள் ஆய்வகத்தை விட்டு வெளியேறி மழையிலும் வெயிலிலும் நோயாளிகளுக்காக உழைத்த இடத்தைப் பார்க்கத் தமிழகத்தின் தேனிக்குத்தான் போக வேண்டும். 1976இல் மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் 1985 முதல் கிளை உண்டு. சுற்றுப்புறச் சிற்றூர்களில் மருத்துவர் இல்லாமல், பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கொண்டு பார்வை மையங்களை நடத்தி, நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவரோடு காணொளியில் பேசவைப்பது திட்டம். அகன்ற அலைக்கற்றை அவ்வூர்களை எட்டாத 2000களின் நடுப்பகுதியில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் எரிக் பிரூவர் தலைமையில் இயங்கிய டியர் ஆய்வுக்குழு இதற்குச் சாதாரண வைஃபை அட்டைகளையும் 24 டிபிஐ அளவுக்கு அலையைக் குவிக்கும் தட்டு ஆன்டெனாக்களையும் கோபுரங்களில் ஏற்றிப் பாலங்கள் அமைத்தது. ஏறத்தாழ 1 முதல் 15 கிலோமீட்டர் வரை நீண்ட இந்தப் பாலங்களில் சில, இடைக்கோபுரத்தில் தாவி அடுத்த ஊரை எட்டின.

வைஃபை இத்தொலைவுக்காகப் படைக்கப்பட்டதன்று. ஒரு சட்டகத்தை அனுப்பியதும் அது கிடைத்தது என்ற ஒப்புகை சில பத்து மைக்ரோவினாடிகளுக்குள் திரும்பும் என்று அனுப்பும் பெட்டி எதிர்பார்க்கிறது. ஆனால் ஒளிவேகத்தில் கூட 15 கிலோமீட்டர் போய்வர 100 மைக்ரோவினாடி ஆகும். பொறுமையிழந்த பெட்டி, போய்ச்சேர்ந்த சட்டகத்தையே போகவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்பும். மேலும், பேசுமுன் வானம் அமைதியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கும் வழக்கமும் தொலைதூரத்தில் பயன்படாது, மறுமுனை பேசத் தொடங்கியது காதில் விழுமுன் இந்த முனையும் தொடங்கிவிடும். டியர் குழுவினர் 2007இல் வெளியிட்ட வைல்டுநெட் என்னும் மாற்று முறையில், இரு முனைகளும் முறைவைத்துப் பேசின, ஒப்புகைகள் மொத்தமாகத் திரும்பின; கடத்தும் திறன் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது. இன்று கடையில் வாங்கும் பாலப் பெட்டிகளின் அமைப்புத் திரையில் ‘தொலைவு’ என்றொரு கட்டம் இருப்பதற்கும், முறைவைத்துப் பேசும் டிடிஎம்ஏ தேர்வு இருப்பதற்கும் பொருள் இதுவே. அடுகோடியில் 300 மீட்டர் பாலத்துக்கு இந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் பெரிய கேடில்லை, ஆனால் மிகையான தொலைவைப் போட்டுவிட்டால் இழந்துபோன ஒவ்வொரு சட்டகத்துக்கும் பெட்டி வீணாகக் காத்துக்கிடக்கும்.

தேனியில் ஆய்வாளர்களைத் திணறடித்தது அலைகள் அல்ல, மின்சாரம். கிராமப்புற மின்வழிகளில் 1000 வோல்ட் வரை எகிறும் துடிப்புகளையும் நீண்ட நேரம் தாழ்ந்து கிடக்கும் அழுத்தத்தையும் அவர்கள் அளந்தனர். தங்கள் வலையமைப்புகளில் நேர்ந்த கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை தரமற்ற மின்சாரத்தால் வந்தவை என்று 2008இல் எழுதினர். மின்கலம் வற்றி அழுத்தம் குறையும்போது பெட்டி அணைந்து போவதில்லை, அரைமயக்கத்தில் உறைந்து நிற்கிறது. பதியும் நினைவக அட்டையும் கெட்டுப்போகிறது. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் இணைப்பை முற்றாகத் துண்டிக்கும் சிறு மின்சுற்று ஒன்றைச் சேர்த்த பிறகே நிலைமை சீரானது. பாதுகாப்பைப் பற்றிய பேச்சில் மின்சாரத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அரைகுறையாக எழுதப்பட்ட அமைப்புக் கோப்போடு விழித்தெழும் பெட்டி, தயாரிப்பாளரின் தொடக்கநிலைக்குத் திரும்பி, எல்லோரும் அறிந்த கடவுச்சொல்லோடு திறந்து நிற்கக்கூடும் என்பதே விடை.

தேனியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கோபுரத்திலுள்ள பெட்டிகளைத் தொலைவிலிருந்து கவனிக்க வேண்டும், ஆனால் அவற்றுக்கு வெளியுலகிலிருந்து எட்டக்கூடிய முகவரி இல்லை. வெளியிலிருந்து உள்ளே ஒரு கதவைத் திறந்து வைப்பதற்கு மாறாக, உள்ளிருக்கும் பெட்டியே வெளியிலுள்ள நம்பகமான வழங்கிக்கு மறையாக்கச் சுரங்கம் ஒன்றைத் திறந்து, அதன் வழியே நிர்வாகிகள் உள்ளே வந்தனர். தேவையினால் பிறந்த இந்த ஏற்பாடு இன்றைக்கும் பாதுகாப்பான ஏற்பாடு. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தை இணையத்திலிருந்து எட்டும்படி திறந்து வைக்கும் வசதியான தேர்வைத் தொடாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அடுகோடியின் நிலைமை தேனிக்கு நேரெதிரானது. தொலைவு குறைவு, நெரிசல் மிகுதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே; ஒரு மாடியில் நின்று தேடினால் அந்த மூன்றிலும் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் நிறைந்திருக்கும். பாலங்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸே தகும். இந்தியாவில் 2018 அக்டோபர் அறிவிக்கை 5150 முதல் 5350, 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிகளை உரிமத் தேவையிலிருந்து விடுவித்தது. ஆற்றலுக்கான உச்சவரம்புகள் நீங்கவில்லை என்பதால் பெட்டியின் நாட்டுத் தேர்வை இந்தியா என்றே வைக்க வேண்டும். அதிக ஆற்றலுக்காக வேறு நாட்டைத் தேர்வது சட்டத்துக்குப் புறம்பானது. பக்கத்துக் கூரைக்குப் போகவேண்டிய அலையைப் பக்கத்துப் பேட்டைக்கும் கொண்டுபோய் அது ஒட்டுக்கேட்பவருக்கு உதவவும் செய்யும். நடுப்பகுதிச் சேனல்களில் வானிலை ரேடார்களுக்கு வழிவிடும் டிஎஃப்எஸ் என்னும் விதி உண்டு; ரேடாரைக் கேட்டதாக நினைத்தால் பெட்டி அந்தச் சேனலை விட்டு விலகும், இத்தகைய புதிய சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டே பேசத் தொடங்கும். மெஷ்ஷின் முதுகெலும்பாக இருக்கும் பாலத்தை இச்சேனல்களில் வைக்காமலிருப்பது நல்லது.

இரு ஆன்டெனாக்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு மட்டும் திறந்திருந்தால் போதாது. அக்கோட்டைச் சுற்றி நடுவில் பருத்த ஒரு கதிர்வடிவ வெளி, ஃப்ரெனல் மண்டலம் எனப்படுவது, பெருமளவு காலியாக இருக்க வேண்டும். 15 கிலோமீட்டர் தேனிப் பாலத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் நடு ஆரம் சுமார் 22 மீட்டர். 300 மீட்டர் அடுகோடிப் பாலத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸில் அது 2 மீட்டர் மட்டுமே. இந்த இரண்டு மீட்டருக்குள் எதிர்வீட்டின் நிரம்பிய தண்ணீர்த் தொட்டியோ புதிதாக வேய்ந்த தகரமோ வந்தால் பாலம் தளரும்; ஜூன் மழையில் நனைந்த தூங்குமூஞ்சி மர இலைகளும் அலையைக் குடிக்கும். ஏப்ரல், மே மாதக் கோடை இடிகளுக்காக எர்த் கம்பியும், ஈதர்நெட் கேபிளில் மின்னெழுச்சி தாங்கியும் தேவை என்பதைத் தேனி அனுபவம் ஏற்கெனவே கற்பித்திருக்கிறது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே கடத்தும் மெஷ்ஷில் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், கூரைகளுக்கிடையே தனிப் பாலங்களும் வீட்டுக்குள் வேறு ரேடியோவும் வைப்பதே அறிவுடைமை.

இனிப் பாதுகாப்பின் மையத்துக்கு வரலாம். பாலம் என்ற சொல்லுக்கேற்பப் பலரும் எல்லா வீடுகளையும் ஒரே தளத்தில் ஒட்டிவிடுகின்றனர். அப்படி ஒட்டிய கணமே இருபது வீடுகளும் சுவரில்லாத ஒரே கூடமாகிவிடுகின்றன: ஒரு வீட்டின் அச்சுப்பொறியும் சிசிடிவி பதிவுக்கருவியும் மற்ற பத்தொன்பது வீடுகளுக்கும் தெரியும், எங்கோ ஒரு வீட்டில் தவறாகச் செருகிய ரூட்டர் எல்லோருக்கும் பொய் முகவரி வழங்கத் தொடங்கும், நச்சுநிரல் தொற்றிய ஒரு மடிக்கணினி, தானே வெளிவாசல் என்று அறிவித்து எல்லோருடைய போக்குவரத்தையும் தன்வழி இழுக்கும். ஆகையால் பாலம் கூரையோடு நிற்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு ரூட்டர் தன் தீச்சுவரோடு நின்று, வீட்டு வலையைத் தெரு வலையிலிருந்து பிரிக்க வேண்டும். கூரைப் பெட்டிகளின் நிர்வாகப் பக்கங்களை விலான் என்னும் தனித் தடத்தில், அதாவது ஒரே கம்பியில் ஓடினாலும் அடையாள எண்ணால் பிரிக்கப்பட்ட வலையில் ஒதுக்கி, வீடுகளிலிருந்து அங்கே போக முடியாதபடி அடைக்க வேண்டும். சுற்றுவழி உருவானால் சட்டகங்கள் முடிவின்றிச் சுழலும் என்பதால், ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த பரவுமரம் போன்ற முறையோ மெஷ் மென்பொருளின் சொந்தச் சுழல்தடுப்போ இயக்கத்தில் இருப்பதும் தேவை.

பாலத்தின் ஒருமுனை பெரும்பாலும் கைப்பேசியைப் போல இணையும் முனையாகவே இயங்குவதால், கைப்பேசிகளைப் பாதித்த குறைகள் அதையும் பாதிக்கும். 2017 அக்டோபரில் வான்ஹோஃப் வெளிப்படுத்திய கிராக் தாக்குதல் அப்படிப்பட்டது. கைகுலுக்கலின் மூன்றாம் செய்தியைத் திரும்ப அனுப்பி, பயன்படுத்திய சாவியையே மீண்டும் நிறுவவைக்கும் அந்த உத்திக்கு எதிரான திருத்தம், கூரையில் ஏற்றிவிட்டு மறந்துபோன பெட்டிகளுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. எட்டு இலக்க எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி சுமார் 11,000 முயற்சிகளில் உடையும் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது. அதை அணைக்க வேண்டும். இணைப்பை அறுக்கும் போலிச் செய்திகளை மறுக்கும் மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பைக் கட்டாயமாக்க வேண்டும். வலையின் பெயரை மறைப்பதும், வன்பொருள் முகவரிகளைப் பட்டியலிட்டு மற்றவற்றைத் தடுப்பதும் அமைப்பவருக்கு மனநிறைவு தருவதோடு சரி. இரண்டையும் வானில் சற்றுநேரம் கேட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாதில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்குப் போன மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டிலிருந்த பூட்டப்படாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. காவல்துறை முதலில் போய்த் தட்டியது அந்த வீட்டுக் கதவை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை இணைப்புகளைப் பூட்டி வைப்பது குறித்து இணைய நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. ஒரு வீட்டின் இணைப்பைத் தெருவே பகிரும்போது, வெளியுலகுக்குத் தெரிவது அந்த ஒரு வீட்டின் முகவரிதான். விற்பனையாகச் செய்வதானால் 2020 டிசம்பரில் அமைச்சரவை ஏற்ற பிஎம்-வாணி திட்டத்தின்படி சிறு கடைக்காரரும் உரிமமின்றிப் பொது வைஃபை வழங்கலாம், பயனர்களை அனுமதித்துக் கணக்கு வைக்கும் பொறுப்பைப் பதிவுபெற்ற திரட்டுநர் ஏற்கிறார். நட்புக்காகப் பகிர்ந்துகொள்பவருக்கு அந்தத் திரட்டுநர் இல்லை.

மெஷ் கடவுச்சொல்லை எல்லாப் பெட்டிகளும் பகிர்வதால், குடியிருப்பவர் மாறுவது வழக்கமான ஒரு தெருவில் ஒரு வீட்டார் காலிசெய்யும்போதோ ஒரு கூரைப்பெட்டி களவு போகும்போதோ மீதிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் அதை மாற்ற வேண்டும். இணையம் வந்திறங்கும் நுழைவாயிலுக்குப் பக்கத்திலுள்ள பெட்டியை முதலில் மாற்றினால் அதற்கு அப்பாலுள்ள அனைத்தும் எட்டாமல் போகும் என்பதால் தொலைவிலுள்ள கணுவிலிருந்து தொடங்கி உள்நோக்கி வருவதே முறை. ரூட்டர்களுக்கான திறந்தமூல இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டியின் இணையத்திரையில் மாற்றத்துக்குப் பின் பெட்டியை எட்ட முடியாவிட்டால் சிறிது நேரத்தில் பழைய அமைப்புக்குத் தானே திரும்பும் ஏற்பாடு உண்டு. பக்கத்து முனையோடு தொடர்பு அறுவது தெரிந்தே செய்யும் இந்த மாற்றத்தில் அதுவே குறுக்கே நிற்கும் என்பதால் அப்போது அதைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

இடையிலுள்ள கூரைகள் படிக்க முடியாதபடி ஒவ்வொரு வீட்டு வாசல் ரூட்டரிலிருந்தும் தெருவின் நுழைவாயில் வரை, அது இன்னொருவர் வீட்டில் இருந்தால் வெளியிலுள்ள நம்பகமான வழங்கி வரை, தனிச் சுரங்கம் இடுவதே மிஞ்சிய குறையை நீக்கும். 2020இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த வயர்கார்டு என்னும் சுரங்க நெறிமுறை சிறு ரூட்டர்களிலும் இதைச் சிரமமின்றிச் செய்கிறது. வீட்டுக்கொரு சாவி என்பதால், காலிசெய்தவரின் சாவியை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்களைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பெங்களூரின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் மின்வெட்டு இங்கேயும் தலைகாட்டுகிறது. பழைய கைகுலுக்கலைத் திரும்ப அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க, வயர்கார்டு ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரத்தைப் பதித்து, முன்பு கண்டதைவிடப் பழைய நேரத்தோடு வருவதை நிராகரிக்கிறது. மலிவு ரூட்டர்களில் கடிகாரத்துக்கென்று மின்கலம் இல்லாததால், மின்சாரம் திரும்பியதும் அவை கடந்துபோன ஏதோ ஒரு நாளில் விழித்தெழுகின்றன. சரியான நேரத்தைக் கேட்டறியும் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள்ளேயே விட்டிருந்தால், நேரம் தெரியாமல் சுரங்கம் திறக்காது, சுரங்கம் திறக்காமல் நேரம் தெரியாது. எனவே கூரை வலையிலேயே, யூபிஎஸ்ஸில் ஓடும் நுழைவாயில் பெட்டி ஒன்று சுரங்கத்துக்கு வெளியே நேரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.